நம் வளவுகளும் அவற்றைக் காக்கும் கடமையும்

ஒரு வகுப்பாரின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடிச் செல்லுதல் இயல்பு. நகரத்தார் சமூகத்துக்கு அவை இரண்டும் உண்டு. அவற்றோடு மூன்றாவதொரு சாசனமும் நம்மிடம் இருக்கின்றது. அது நம் முன்னோர் கல்லாலும் மரத்தாலும் சுண்ணாம்பாலும் எழுதி வைத்துச் சென்ற வீடு. கல்வெட்டைப் படிக்க அறிஞர் வேண்டும்; வீட்டையோ, அதன் வளவில் ஒரு நாள் இருந்தவர் எவரும் படித்துக்கொள்ளலாம். அந்தச் சாசனத்தை நாமே துண்டு துண்டாகப் பிரித்து விற்று வருகின்றோம். ஆதலின், அதில் எழுதப்பட்டிருப்பது யாது, அதனைக் காக்கும் வழி யாது என்பவற்றை நம் அங்கத்தினர் யாவரும் தத்தம் குடும்பத்தாரோடு சிந்திக்குமாறு வேண்டி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாடும் வீடும்

வடக்கே வெள்ளாறும், தெற்கே வைகையும், மேற்கே பிரான்மலையும், கிழக்கே கடலும் எல்லையாகச் சொல்லப்படும் செட்டிநாடு வானம் பார்த்த பூமி. ஜீவநதி ஒன்றும் இல்லாத இந்நாட்டில் முன்னாளில் 96 ஊர்களில் நம்மவர் குடியிருந்தனர் என்பர். இன்று எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் நம் வீடுகள் நிற்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டமையால் நம் முன்னோர் இங்கே குடிபெயர்ந்தனர் என்பதும், அந்த நினைவினாலேயே வீடுகளைத் தரைக்கு மேல் உயர்ந்த அடித்தளத்தில் எடுத்தனர் என்பதும் வழிவழி வந்த செய்தி.

இன்று நாம் காணும் பெரு வீடுகளிற் பெரும்பாலன பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940-களுக்குள் எழுந்தவை. அதற்குக் காரணம் கடல் கடந்த வாணிகம். 1826-இல் அரக்கானும் தெனாசரிமும், 1852-இல் கீழ்ப் பர்மாவும் ஆங்கிலேயர் வசமாயின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற்பட்டது. ஐராவதிச் சமவெளியில் காடு வெட்டிக் கழனி திருத்திய உழவர்க்கு முதல் வேண்டியிருந்தது; அம்முதலை வழங்கியவர் நம்மவர். இலங்கையிலும் மலேயாவிலும் சைகோனிலும் அவ்வாறே லேவாதேவித் தொழில் பரவியது.

கொண்டுவிக்கச் சென்றவர் மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவர். சில காலம் தங்கி மீண்டும் கப்பலேறுவர். அவர் பிழைத்த ஊர் வேறு. வாழ்ந்த ஊர் இதுவே. பெண்டிரும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தனர். வரவு செலவும், நெல்லும் பாத்திரமும், கல்யாணமும் காரியமும் ஆச்சிமார் கையில் நடந்தன. ஆகவே அயலூரில் ஒரு கடைக்கட்டில் பாய் விரித்துப் படுத்துச் சிக்கனமாகச் சேர்த்த பொருளை நம் முன்னோர் சொந்த ஊரிற் கொணர்ந்து வீடாக்கினர்.

வீட்டின் அமைப்பு

நம் வீடுகள் பெரும்பாலும் முன் தெருவிலிருந்து பின் தெரு வரையிற் செல்லும். தலைவாயிலில் நின்று நோக்கினால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் அமைந்து பின்வாயில் தெரியும். முகப்பில் திண்ணையும் ஆடவர் அமர்ந்து கணக்கு வழக்கும் பேச்சுவார்த்தையும் நடத்தும் இடமும் உண்டு. அதனைக் கடந்தால் வானம் தெரியும் முற்றத்தோடு கூடிய வளவு. அதுவே வீட்டின் உயிர் நிலை. முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும். அவற்றுக்கு அப்பால் பட்டாலையும், அதனை ஒட்டி வரிசையாக அறைகளும் அமைந்திருக்கும். பின்கட்டுகளில் பண்டசாலையும் அடுப்படியும் இருக்கும்.

அந்த அறை வரிசையிலேதான் நம் சமூகத்தின் சட்டம் எழுதப்பட்டிருக்கின்றது. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உரியது. அவன் மனைவியின் சீர்வரிசையும் பெட்டகமும் அதனுள் இருக்கும். மகனையும் மருமகளையும் வேறு வைத்தல் என்பது நம் வழக்கம். அடுப்புத் தனி, செலவும் தனி, கூரையோ பொது. புள்ளி ஒவ்வொன்றும் தனக்கென நிற்கவும், வீடு ஒன்றாகவே இருக்கவும் வகை செய்த ஏற்பாடு இது. பிள்ளையார் நோன்பில் இழை எடுத்துக்கொள்வதற்கும், கல்யாணத்துக்கும், அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் பங்காளிகள் அனைவரும் அந்த ஒரே வளவில் கூடுவர். ஒரு குடும்பத்துக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு என்று வினவுவோர்க்கு இதுவே விடை. அஃது ஒரு குடும்பத்துக்காகக் கட்டியதன்று. ஒரு வமிசத்துக்காகக் கட்டியது.

மழையை மதித்துக் கட்டியமையும் குறிக்கத்தக்கது. நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்த கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே விழும் நீரை அண்டாக்களிற் பிடித்துக்கொள்வர். எஞ்சியது வடிகால் வழியே வெளியேறும். தெருக்களின் வாட்டமும் ஊரணிகளை நோக்கியே அமைந்தது. முற்றத்தின் வழியே வெப்பம் மேலேறிப் போக, தடித்த சுவர்களுக்குள் கோடையிலும் தண்மை நிற்கும்.

கைத்திறன்

பர்மாவிலிருந்து தேக்கும், இலங்கையிலிருந்து முதிரையும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடியும், இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்புத் தூணும் வந்தன. ஆயினும் இவற்றையெல்லாம் வீடாக்கியவர் நம் நாட்டுத் தச்சரும் கொல்லரும் கொத்தரும் சுதை வேலைக்காரருமே. பொருள் நம்முடையது; கை அவர்களுடையது. வீட்டின் பெருமையை நம் வகுப்பின் பெருமையாக மட்டும் பேசுதல் நன்றியுடையார் செயலாகாது.

தலைவாயில் நிலையின் மேல் அமையும் சூரியப் பலகையைக் காண்க. நடுவே கஜலட்சுமி வீற்றிருக்க, இருமருங்கும் யாளியும் கிளியும் கொடியும் பூவும் உளி தொட்ட இடமெல்லாம் உயிர் பெற்றிருக்கும். தூணின் தலையிலுள்ள போதிகையில் வாழைப்பூ தொங்கும். வெளி முகப்பின் மாடத்திலோ தெய்வ உருவங்களுக்கு அருகே துப்பாக்கி ஏந்திய வெள்ளைச் சிப்பாயும், சில இடங்களில் விக்டோரியா ராணியும் சுதையில் நிற்பதைக் காணலாம். அக்காலத்தார் கண்ட உலகம் அது; கண்டதை மறையாது வைத்தனர்.

சுவர்ப் பூச்சோ தனிக் கலை. சுண்ணாம்பைப் பல நாள் நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைப்பர். முதலிற் பருமட்டான பூச்சும், பின் அதனினும் மெல்லியதும், இறுதியில் முட்டை வெண்கரு சேர்த்து வெண்ணெய் போல் அரைத்த சுண்ணமுமாகப் படிப்படியாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்ப்பர். சலவைக்கல்லோ என்று ஐயுறும்படி அது மின்னும். வர்ணம் வேண்டாது, ஈரத்துணியால் துடைத்தாற் போதும், தலைமுறை கடந்து நிற்கும்.

தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் வார்ப்புச் சட்டத்தை வைத்து, வர்ணக் கலவையைக் கையால் ஊற்றிப் பூவமைத்து, அதன் பின்புறத்தில் மணலும் சிமிட்டியும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சூளையில் வேகவைப்பதில்லை. மேனியின் பளபளப்புக் கண்ணாடியினின்றே வருகின்றது. நடக்க நடக்க அது மிகுகின்றது. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இன்றும் இத்தொழில் கையாலேயே நடைபெறுகின்றது.

குறைவு வந்த வழி

1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தபோது பர்மா உழவர் கடனைத் தீர்க்க இயலாதவராயினர். நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. 1937 அளவில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் நகரத்தாருடையதாயிற்று. நாம் வேண்டிப் பெற்ற நிலம் அன்று அது என்பது உண்மை. அந்நாட்டு உழவர் பலர் நிலமிழந்து வருந்தினர் என்பதும் உண்மை. சரித்திரம் எழுதுவோர் இரண்டில் ஒன்றையும் மறைத்தல் தகாது. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பால் நம்மவர் பலர் உயிர் தப்பினாற் போதுமென்று திரும்பினர். 1948-இல் இயற்றப்பட்ட நில தேசியமயச் சட்டத்தாலும், 1962-க்குப் பின் வந்த இராணுவ ஆட்சியாலும் எஞ்சியிருந்ததும் போயிற்று.

வீடு கட்டிய பொருள் வந்த வழி இவ்வாறு அடைபட்டது. மக்கள் கல்வியும் உத்தியோகமும் தொழிலும் நாடிச் சென்னைக்கும் கோவைக்கும் பிற தேசங்களுக்கும் சென்றனர். வீடு பூட்டப்பட்டது. வமிசம் பெருகப் பெருகப் பங்குகளும் பெருகின. இங்கே ஒரு விசித்திரத்தைக் காண்கின்றோம். பலருக்குப் பொதுவாயிருந்தமையால் ஒருவர் தனித்து விற்க இயலாது போயிற்று. நம் வீடுகள் இத்தனை காலம் நின்றதற்கு அதுவே ஒரு பெருங்காரணம். அதே பொதுவுடைமையால் ஓர் ஓடு நழுவினாலும் மாற்றுவது யார் பொறுப்பென்று தெரியாது போயிற்று. அவை இன்று விழுவதற்கும் அதுவே காரணம். நழுவிய ஓட்டின் வழியே ஒரு மழைக்காலம் நீர் இறங்கினால் உத்தரம் உளுக்கும். உத்தரம் உளுத்தால் கூரை அமரும். கூரை அமர்ந்தபின் பங்காளிகள் கூடிப் பேசுவது விலையைப் பற்றியதாகவே இருக்கும்.

அப்பால் வீடு பிரிக்கப்படுகின்றது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் நம் வீட்டுத் தூண்களும் நிலைகளும் கண்ணாடிகளும் மரவைகளும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை யாரும் காணலாம். வணிகரை நோவதிற் பயனில்லை. விற்பார் இருப்பதாலன்றோ வாங்குகின்றனர். கடையில் நிற்கும் தூணுக்கு மரத்தின் விலை உண்டு. அது தாங்கிய கூரையின் கீழ் யார் பிறந்தார், யார் மணந்தார் என்னும் செய்தி பிரித்த அன்றே போய்விடுகின்றது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்று பெயர்த்தெடுத்து மீண்டும் நிறுவப்பட்டிருக்கின்றது. அழிய இருந்ததைக் காத்த அச்செயல் பாராட்டுக்குரியது. ஆயினும் தெருவும் ஊரணியும் கோயிலும் சூழ நிற்கும் வீட்டை எந்தக் காட்சிசாலையும் கொடுக்க இயலாது.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உலகம் நம் வீடுகளை மதிப்பதற்கு அஃது அடையாளம். ஆனால் பட்டியலிற் பெயர் ஏறியதனால் ஓர் ஓடேனும் தானே ஏறிக்கொள்ளாது.

செய்யத்தக்கன

புதிய வழி ஒன்றையும் நாம் தேட வேண்டுவதில்லை. நம்மிடம் பழைய வழி இருக்கின்றது. வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்துக் கோயில் திருப்பணிகளை நடத்திய சமூகம் நம்முடையது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்னும் நியமம் இருப்பதனாலன்றோ கோயில்கள் பழுது பார்க்கப்படுகின்றன. காசியிலுள்ள நம் சத்திரம் பல தலைமுறைகளாகப் பொதுவில் நடைபெற்று வருகின்றது. கோயிலையும் சத்திரத்தையும் பொதுவில் நடத்தத் தெரிந்தவர்க்கு வீட்டை நடத்தத் தெரியாதா?

முதலாவது, ஒவ்வொரு வளவின் பங்காளிகளும் வீட்டு மகமை என்று ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். புள்ளிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தி, ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றி, வடிகால் திறந்து, கறையான் பார்த்தால் பெருஞ்செலவு நேராது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெரும் பழுது பார்க்கலாம்.

இரண்டாவது, 2005-இல் திருத்தப்பெற்ற இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் வழியே பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம உரிமை உண்டு. வீட்டைக் குறித்த ஆலோசனையில் அவர்களையும் சேர்த்தல் சட்டத்துக்கு மட்டுமன்று, நியாயத்துக்கும் பொருந்தும். கணவன்மார் கடல் கடந்திருந்த நாளில் வீட்டைக் காத்தவர் பெண்டிரே என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, பழுது பார்க்கும் முறை. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமிட்டி பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உரியும். முட்டைப் பூச்சின் மேல் எண்ணெய் வர்ணம் அடித்தலும் கேடே. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தரைத் தேடி அழைத்து, உரிய கூலி கொடுத்து, இளைஞர் ஒருவரையேனும் உடன் நின்று கற்கச் செய்தல் வேண்டும். வீடு இருந்தால் தொழில் இருக்கும். தொழில் அற்றால் பணம் இருந்தும் வீட்டைக் காக்க இயலாது.

நான்காவது, கானாடுகாத்தான், காரைக்குடி, கடியாபட்டி முதலிய ஊர்களில் சில வீடுகள் விருந்தினர் தங்கும் விடுதிகளாகி நன்கு பேணப்படுகின்றன. முன்னோர் வீட்டிற் பிறர் தங்குவதா என்று நம்மிற் சிலர் வருந்துகின்றனர். பூட்டிய வீட்டில் வௌவால் தங்குவதினும் திறந்த வீட்டில் விருந்தினர் தங்குதல் சிலாக்கியமே. பள்ளிக்கும் நூல்நிலையத்துக்கும் கொடுத்தாலும் தகும்.

இவற்றில் ஒன்றும் இயலாது, விற்றேயாக வேண்டும் என்னும் நிலை சிலர்க்கு நேரலாம். வறுமையை யாரும் பழித்தல் கூடாது. அவர்களும், தூண் தூணாகப் பிரியாது, வீட்டை வீடாகவே வாங்கிக் காப்பாரைத் தேடுவார்களாக. அதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் பிடித்து, அளந்து, எடுப்பித்தவர் பெயரும் ஆண்டும் குறித்து, அக்குறிப்பை நகரத்தார் சங்கத்தில் ஒப்படைப்பார்களாக.

அங்கத்தினர்களே, ஒரு வீட்டின் சாவி எத்தனை பேரிடம் இருந்தாலும் அதனைத் திறந்து விளக்கேற்ற ஒருவர் முன்வந்தாற் போதும். மற்றவர் பின் வருவர். வரும் பிள்ளையார் நோன்பன்று பங்காளிகள் யாவரும் சொந்த ஊருக்குச் சென்று, வளவைக் கூட்டி விளக்கேற்றி, இழை எடுத்துக்கொண்டபின் ஓடும் உத்தரமும் பார்த்து, மகமைக் கணக்கைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஒன்பது கோயில்களிலும் எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் அதற்கு அருள் புரிவானாக.