பூட்டுக்குள்ளேயே சாவி

2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வாட்ஸ்அப் நின்னுபோச்சே, ஞாபகம் இருக்கா? வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டே இருந்த கூட்டத்துல நானும் ஒருத்தன். அந்தக் கதைக்கு அப்புறம் வரேன். அதைவிட மோசமான ஒண்ணு அடுத்த வருஷம் கனடாவுல நடந்தது.

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை, விடியக்காலை 4:43. ராஜர்ஸ், கனடாவின் பெரிய டெலிகாம் கம்பெனிகள்ல ஒண்ணு. ஏழு கட்டமா செஞ்சுட்டிருந்த நெட்வொர்க் அப்கிரேடுல ஆறாவது கட்டம். முதல் அஞ்சும் சிக்கல் இல்லாம முடிஞ்சதால, இந்த வேலையோட ரிஸ்க்கை ‘குறைவு’ன்னு மாத்தியிருந்தாங்க. (எந்த ஐடி ஆபீஸ்லயும் நடக்கிற விஷயம்தான்.) ஒரு ரவுட்டர்ல இருந்த ஃபில்டரை எடுத்ததும், அது தடுத்து வெச்சிருந்த ரவுட்டிங் தகவல் மொத்தமும் கோர் நெட்வொர்க்குக்குள்ள வெள்ளமா பாய்ஞ்சது. சில நிமிஷத்துல கோர் ரவுட்டர்கள் சாய்ஞ்சிடுச்சு. மொபைலுக்கும் வீட்டு இன்டர்நெட்டுக்கும் ஒரே கோர். ரெண்டும் போச்சு.

1.2 கோடிக்கும் மேல வாடிக்கையாளர்கள். கடைகள்ல இன்டராக் டெபிட் கார்டு வேலை செய்யலை. டொரண்டோவுல தி வீக்கெண்டோட கச்சேரி தள்ளிப்போச்சு. நடக்க வேண்டிய ஸ்டேடியத்தோட பேரே ராஜர்ஸ் சென்டர்! ஆனா சிரிக்க முடியாத விஷயம் 911. டவர்கள் சிக்னல் கொடுத்துட்டே இருந்ததால, போன்கள் ராஜர்ஸையே பிடிச்சுட்டு நின்னுது, வேற கம்பெனி நெட்வொர்க்குக்குத் தாவலை. அவசர உதவிக்குக் கூப்பிடணும்னா சிம்மைக் கழட்டிட்டு முயற்சி பண்ணுங்கன்னு சொல்ல வேண்டிய நிலை. நெஞ்சு வலிக்கிறவர் சிம் கழட்டுற ஊசியைத் தேடுறதை நினைச்சுப் பாருங்க.

சரி, இன்ஜினியர்கள் உள்ள போய் அந்த மாற்றத்தைத் திருப்பிப் போட வேண்டியதுதானே? அங்கதான் விஷயமே இருக்கு. ரவுட்டர்களை மேனேஜ் பண்ற நெட்வொர்க்கும் அதே கோர் மேலதான் ஓடிட்டிருந்தது. வீடு எரியும்போது பின்வாசலுக்குப் போற வழி கூடத்து வழியாத்தான்னா எப்படி?

இதுக்கு ‘அவுட் ஆஃப் பேண்ட்’னு பழைய தீர்வு ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல ரவுட்டரோட கன்சோல் போர்ட்ல ஒரு மோடம் மாட்டி, அதுக்குத் தனியா லேண்ட்லைன் கொடுத்து வைப்பாங்க. நெட்வொர்க் செத்தாலும் டயல் பண்ணி உள்ள போயிடலாம். மெதுவா இருக்கும், ஆனா இருக்கும்.

ராஜர்ஸ்ல இன்னொரு சோகம், ஊழியர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடவும் முடியலை. எல்லார் கையிலும் ராஜர்ஸ் போன்! கடைசியில வேற கம்பெனி சிம் கார்டுகளை அனுப்பி வெச்சுத்தான் பேசிக்கிட்டாங்க. எது உடைஞ்சதுன்னு கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆச்சு. மொத்த பாதிப்பு கிட்டத்தட்ட 26 மணி நேரம்.

இப்போ ஃபேஸ்புக். அவங்க பேக்போனோட கொள்ளளவைப் பார்க்கிறதுக்காகக் கொடுத்த ஒரு கமாண்ட், டேட்டா சென்டர்களுக்கு நடுவுல இருந்த இணைப்பு மொத்தத்தையும் அறுத்துடுச்சு. தப்பான கமாண்டைத் தடுக்க வேண்டிய டூல்லயும் ஒரு பக். அவங்க கிட்ட அவுட் ஆஃப் பேண்ட் நெட்வொர்க் இருந்தது, ஆனா அன்னைக்கு அதுவும் கைகொடுக்கலை. டேட்டா சென்டருக்கே ஆளை அனுப்பினாங்க. யாரும் சுலபமா நுழையக் கூடாதுன்னு கட்டின இடம், சொந்த ஆட்களையும் சுலபமா விடலை. ஆறு மணி நேரம் போச்சு.

நான் பெரிய யோக்கியன் இல்லை. முதல் வேலையில, ஒரு ராத்திரி ஃபயர்வால் ரூல் மாத்தி என்னையே வெளிய தள்ளிக்கிட்டேன். கன்சோல் இருக்கேன்னு தைரியமாத்தான் இருந்தேன். பாஸ்வேர்ட் எங்கன்னு தேடினா, டீம் விக்கியில. விக்கி அதே சர்வர்ல. விடியற வரைக்கும் சீனியர் அண்ணன் போன் எடுப்பாரான்னு உட்கார்ந்திருந்தேன்.

ராஜர்ஸ் அப்புறமா மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கைத் தனியாப் பிரிச்சுது. 2022 செப்டம்பர்ல கனடாவின் டெலிகாம் கம்பெனிகள், ஒருத்தர் விழுந்தா மத்தவங்க அவசர ரோமிங் கொடுக்கிறதா ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. என் பர்ஸ்லயும் இப்போ வேற கம்பெனி சிம் ஒண்ணு இருக்கு. அதைக் கடைசியா எப்போ ரீசார்ஜ் பண்ணேன்னு இதைப் பேசும்போதுதான் யோசிக்கிறேன்.