செல்போனும் ரேடியோவுக்குள் புகுந்த வண்டும்

எங்கள் லேக் மார்க்கெட் வீட்டில் அப்பாவின் டிரான்சிஸ்டருக்கென்று ஒரு தனி மேஜை உண்டு. 1999-ல் நான் முதன்முதலாக ஒரு செல்போன் வாங்கி வந்து பெருமையாக அந்த மேஜையில் வைத்தேன். காலைத் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று "டிட்டிடிட்... டிட்டிடிட்... டர்ர்ர்" என்று ஒரு இரைச்சல் செய்தியை விழுங்கியது. இரண்டு மூன்று விநாடி கழித்து செல்போன் மணி அடித்தது. அப்பா ரேடியோவின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "உள்ளே வண்டு புகுந்திருக்குடா" என்றார்.

அந்தக் காலத்தில் செல்போன் வைத்திருந்த எல்லாருக்கும் இந்தச் சத்தம் பழக்கம். டி.வி. பக்கத்தில், கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாலும் இதே கதைதான். 2003 மே மாதம் வரை வருகிற அழைப்புக்கும் நாமே காசு கட்ட வேண்டியிருந்ததால், மணி அடிக்கும் முன்பே எச்சரிக்கை கிடைப்பது நல்லதுதான் என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம்.

இந்தச் சத்தத்தின் கதை ஐரோப்பாவில் ஆரம்பிக்கிறது. நாட்டுக்கு நாடு வேறு வேறு முறையில் இருந்த மொபைல் தொலைபேசிகளை ஒன்றாக்க 1982-ல் அங்கே ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள்தான் ஜி.எஸ்.எம். ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்குபோட்டுக்கொள்ள அவர்கள் ஒரு வழி கண்டார்கள். நம்மூர் முறைத்தண்ணீர் மாதிரிதான். ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடையைத் திறப்பார்கள், பிறகு அடுத்தவன் முறை. போன் ஒரு விநாடியில் ஏறத்தாழ 217 தடவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் உச்சத்தில் 2 வாட் வரை சக்தி பாயும். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் இந்த முறையில் முதல் அழைப்பு நடந்தது.

போன் அனுப்பும் அலை விநாடிக்குத் தொண்ணூறு கோடி முறை அதிர்வது. அது நம் காதுக்கு எட்டாது. ஆனால் 217 என்பது நன்றாகவே எட்டும். ஆறு கட்டை சுருதி வைத்துப் பாடுகிறவரின் ஷட்ஜத்துக்கு ஒரு நூல் கீழே! கேட்காத அலையிலிருந்து இந்தக் கேட்கிற சுருதியைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது யார்? ரேடியோவேதான். அதன் உள்ளே ஓடும் ஒயர்கள் ஏரியல் மாதிரி அலையை வாங்கிக்கொள்கின்றன. டிரான்சிஸ்டரின் சந்திப்பு மின்சாரத்தை இரண்டு திசையிலும் ஒரே மாதிரி விடாது. அதனால் வேகமான அதிர்வு அடிபட்டுப் போய், திறந்து மூடும் தாளம் மட்டும் மிஞ்சி ஸ்பீக்கருக்குப் போகிறது. அப்பா ஸ்டேஷனை மாற்றி மாற்றித் திருகியும் வண்டு போகாததற்குக் காரணம் இதுதான். அது ஸ்டேஷன் வழியாக வரவில்லை, நேரே ஆம்ப்ளிபயருக்குள் நுழைந்தது.

இங்கே நம் கல்கத்தாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிரெசிடென்சி கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ் 1895-ல் டவுன் ஹாலில், சுவரைத் தாண்டி மின் அலையை அனுப்பி மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். பிறகு கலீனா என்கிற காரீயத் தாதுக் கல்லை வைத்து அலையைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று செய்தார். 1901-ல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் கிடைத்தது. அந்தக் கல் செய்ததும் ஒருதலைப்பட்சமாக மின்சாரத்தை விடும் வேலைதான். போஸ் வேண்டுமென்று செய்ததை அப்பாவின் டிரான்சிஸ்டர் வேண்டாமலே செய்தது! இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பும் இதே ஊரிலிருந்துதான் போயிற்று. 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதி பாசு ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து டில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார்.

இதுவரை சொன்னது வேடிக்கை. வேடிக்கையில்லாத பகுதி ஒன்று இருக்கிறது.

அப்பாவுக்குக் காது மந்தம், காது மெஷின் போட்டிருந்தார். மெஷின் என்றால் என்ன? ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ஸ்பீக்கர், அதுவும் காதுக்குள்ளேயே. செல்போனை அதன்மேல் வைத்து அழுத்தினால் வண்டு எங்கே புகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2003-ல் அவர் கட்டிலோடு படுத்துவிட்டார். லேண்ட்லைன் ஹாலில் இருந்தது, அதுவரை ஒயர் நீளாது. கும்பகோணத்திலிருந்து அக்கா என் செல்லுக்குக் கூப்பிடுவாள். அப்பா வாங்கிக் காதில் வைப்பார், முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஒரே இரைச்சல்டா. அவ பேசறது ஒண்ணும் காதுல விழலை." மெஷினைக் கழற்றினால் இரைச்சல் இல்லை, அக்காவின் குரலும் இல்லை. மெஷின் விற்ற கடையில் கேட்டேன். பழைய மாடல், அவருக்கும் வயதாகிவிட்டது என்று சொல்லி வேறொன்று விற்றார்கள். அதிலும் அதே இரைச்சல். கடைசியில் அப்பா, "போன் வேண்டாம், லெட்டர் போடச் சொல்லு" என்று முடித்துவிட்டார். கிழவருக்குப் பிடிவாதம் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவிடமும் அப்படியே சொன்னேன். 2004-ல் அவர் காலமானார்.

அவர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து, இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தபோது. அமெரிக்காவில் 1988-லேயே தொலைபேசிகள் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆனால் மொபைல்களுக்கு விலக்கு! அந்த விலக்கைத் தளர்த்தி, நிறுவனங்கள் சில மாடல்களையாவது மெஷினுக்கு ஒத்துப்போகும்படி செய்ய வேண்டும் என்று அங்கே உத்தரவு வந்தது 2003-ல். அதாவது, அப்பா போனைத் திருப்பிக் கொடுத்த அதே வருஷம். பரிகாரமும் பெரிய வித்தை இல்லை. மெஷினுக்குள் உலோகக் கவசம், நுழைவாயிலில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர். இதெல்லாம் இல்லாவிட்டாலும், போனை ஒரு கை தூரம் தள்ளி வைத்து, அதன் ஒயர் இயர்போனை மெஷின் பக்கத்தில் பிடித்திருந்தால் இரைச்சல் பெருமளவு குறைந்திருக்கும். இயர்போன் போனோடு வந்த டப்பாவிலேயே பிரிக்காமல் கிடந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் 4ஜி வீட்டுக்கு வீடு புகுந்தது. அதன் சக்தி உச்சத்திலேயே 0.2 வாட்தான், பேச்சின்போது பழைய போன் போலத் தாளம் போட்டு அடிப்பதும் இல்லை. வண்டு பெரும்பாலும் பறந்துபோயிற்று. நவராத்திரிக் கச்சேரிக்கு முன்னால் "செல்லை அணைச்சுடுங்கோ, மைக் கத்தறது" என்று அறிவித்தவர்கள், இப்போது மணிச் சத்தத்துக்காக மட்டுமே கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்பாவின் டிரான்சிஸ்டர் இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் சமைக்கும் அம்மாள் பழைய பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். போன வாரம் அதை அந்த மேஜையில் வைத்தார். ரேடியோ "டிட்டிடிட்" என்றது. என் பேத்தி ஓடிவந்து, "தாத்தா, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்துவிட்டது.