உரலிலிருந்து அரவை எந்திரம் வரை: கொல்லிமலையில் வேலைப் பாதுகாப்பு

இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள் தொழிலாளரின் பாதுகாப்பை ஆள் கணக்கில்தான் அளந்து வந்திருக்கின்றன. 1881ஆம் ஆண்டின் முதல் சட்டம் எந்திர விசையுடன் 100 பேர் வேலை செய்யும் இடத்தை மட்டுமே கண்டுகொண்டது. அந்த எண் 1891இல் 50, 1922இல் 20, 1948இல் 10 என இறங்கியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை மறுபடி 20க்கு ஏற்றிவிட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1981இல் திருத்தப்பட்ட பிறகுகூட, 5 ஹெக்டேர் நிலமும் 15 ஆட்களும் இருந்தால்தான் செல்லுபடியானது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் பெரும்பகுதி இந்தக் கணக்கில் அகப்படுவதே இல்லை. சாமையும் மரவள்ளியும் காப்பியும் மிளகும் விளையும் மலையாளிப் பழங்குடியினரின் சிறு காடுகளில் உழைப்பது வீட்டு ஆட்களும் ஒருசில கூலியாட்களும்தான். அங்கே உழைப்பவரின் உடலைக் காத்ததில் சட்டத்தைவிடக் கருவி மாறியதற்கே பங்கு அதிகம் என்பது என் வாதம்.

சாமையின் உமி அரிசியை இறுகப் பற்றியிருக்கும். அதைப் பிரிக்கத் தானியத்தை உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் கை தலைக்கு மேலே உயர்ந்து இறங்கும். தோளும் இடுப்பும் தேயும். புடைக்கும்போது எழும் தூசி மூச்சில் ஏறும். இந்தப் பாடு முழுவதும் பெண்களுடையதாக இருந்ததால் அது வேலை ஆபத்தாகப் பெரும்பாலும் பார்க்கப்படவில்லை. ரேஷன் அரிசி வந்ததும், சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி விலைபோனதும் சாமை சுருங்கியதற்குக் காரணங்கள்தாம். ஆனால் குத்தும் சிரமத்தை விட்டுவிட்டு அந்தச் சுருக்கத்தை விளக்க முடியாது. 1990களிலிருந்து இம்மலையில் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியப் பாதுகாப்போடு சேர்த்து, மகளிர் குழுக்கள் நடத்தும் சிறு அரவை எந்திரங்களையும் கொண்டுவந்தது. பயிரைக் காக்க வந்த முயற்சி உடலையும் காத்தது. இரண்டும் ஒன்றே என்பதைக் காட்டியதுதான் அதன் பெரிய சாதனை. எந்திரம் தன் ஆபத்தையும் கொண்டுவந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூடியில்லாமல் ஓடும் பெல்ட்டில் முந்தானை சிக்க ஒரு நொடி போதும்.

சொந்தக் காட்டில் உழைப்பவருக்கு முதலாளியே இல்லையே, பொறுப்பை யார் தலையில் வைப்பது என்று கேட்கலாம். வேளாண் பாதுகாப்பு குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கைகூட வயிற்றுப்பாட்டு விவசாயத்தை விலக்கியே வைத்திருக்கிறது. கேள்வி நியாயமானது. ஆனால் இந்தியச் சட்டத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் ஆபத்தான எந்திரங்கள் சட்டம், விசைக் கதிரடிப்பானைச் செய்பவரும் விற்பவரும் உரிமம் பெற வேண்டும் என்றது. பெல்ட்டுக்கு மூடி போடும் கடமையை ஓட்டுபவரிடம் விடாமல் பட்டறையிலேயே சுமத்தும் வழி அது. மைய அரசு அறிவிக்கை வெளியிட்டால் பிற எந்திரங்களையும் அதில் சேர்க்கலாம். சிறுதானிய அரவை எந்திரத்துக்கு அந்த ஏற்பாடு அவசியம்.

வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கவும், ஆள் கணக்கை நம்பாத இதே போன்ற வழி சட்டத்தில் உண்டு. ராஜஸ்தானின் ஒரு கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஊழியர் பன்வாரி தேவிக்கு 1992இல் நேர்ந்த பாலியல் கொடுமையே, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் அளித்த 1997இன் விசாகா தீர்ப்புக்கு வழிவகுத்தது. கிராமத்தில் பிறந்த அந்த நீதி, பின்னர் அலுவலகத்துக்கே உரியது என்று புரிந்துகொள்ளப்பட்டது வருந்தத்தக்கது. அத்துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவையும், கிராம, பழங்குடிப் பகுதிகளில் வட்டம்தோறும் ஒன்றியம்தோறும் புகாரைப் பெற ஒரு பொறுப்பு அலுவலரையும் கட்டாயமாக்கியது. காப்பித் தோட்டத்தில் தனியே பழம் பறிக்கும் கூலிப் பெண், தோட்ட உரிமையாளர் மீதே புகார் சொல்ல வேண்டியிருந்தாலும் அந்தக் குழுவிடம் போகலாம்.

அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எந்த ஆய்வாளர் வருவார், சட்டம் காகிதத்தில்தான் இருக்கும் என்பது அடுத்த மறுப்பு. ஆய்வாளர் வருகையை நம்பி எழுதப்பட்ட சட்டத்துக்கு அது பொருந்தும். எந்திரம் மூடியோடு விற்கப்பட்டால் ஆய்வாளர் மலையேறத் தேவையில்லை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க மூங்கில் ஏணியில் ஏறுபவர் விழுந்த பிறகு நிவாரணம் தருவதைவிட, இடுப்புக் கயிற்றையும் உறுதியான ஏணியையும் முன்கூட்டி மானிய விலையில் தருவதே மேல். புகார் பெறும் அலுவலரின் பெயரும் எண்ணும் கொல்லிமலை ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் எழுதப்பட வேண்டும். அதற்கு ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும்.