மூன்றாம் ஏர்லே முதல் ஏர்ல்: ஓ பிரையன் குலமும் 1558ஆம் ஆண்டுக் குறிப்பும்

ஓ பிரையன் குலத்தின் வரலாற்றை இரண்டாகப் பிளக்கும் ஆண்டு 1543 என்பது ஆய்வுலகில் ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. பிரையன் போருவின் வழிவந்த, அயர்லாந்தின் தோமண்ட் பகுதித் தலைவர்கள் அவ்வாண்டு ஜூலை 1 அன்று கிரீனிச்சில் எட்டாம் ஹென்றியிடம் ஏர்ல் பட்டம் பெற்றார்கள்; தாயாதிகளுள் தகுதியால் மூத்தவரை அடுத்த தலைவராக முன்கூட்டியே குறிக்கும் டானிஸ்ட் முறை அன்றோடு ஒழிந்து, மூத்த மகன் உரிமை நிலைபெற்றது என்கிறார்கள். இவ்வாதத்துக்கு இடையூறாக நிற்கும் ஓர் ஆண்டேட்டுக் குறிப்பு உண்டு. அது தொகுப்பாளர்களின் கவனப்பிசகாகவே இதுவரை கருதப்பட்டுள்ளது. அப்படிக் கருதக் காரணமில்லை என்பதே என் வாதம்.

குறிப்பு, ‘நான்கு ஆசான்களின் ஆண்டேட்டில்’ 1558ஆம் ஆண்டின்கீழ் வருகிறது. ஆங்கில அரசின் ஆளுநர் சஸ்ஸெக்ஸ் படையுடன் வந்து டோனல் ஓ பிரையனைத் துரத்தி, அவருடைய அண்ணன் மகன் கோனரை ஏர்லாகவும் நாட்டின் தலைவராகவும் அமர்த்தினார். குல மூதாதை கோர்மக் காஸின் வழியில் மக்களால் பொதுவாக ஏர்ல் என்று அழைக்கப்பட்ட முதல் ஆள் இந்தக் கோனரே என்கிறது ஆண்டேடு. பட்டயக் கணக்கிலோ அவர் மூன்றாம் ஏர்ல். அவருக்கு முன் முரகாவும், முரகாவின் அண்ணன் மகனும் கோனரின் தந்தையுமான டொனகாவும் அப்பட்டத்தைத் தாங்கியிருந்தார்கள்.

பிசகு என்போர் ஒன்றை மறக்கிறார்கள். ஆண்டேடு 1632க்கும் 1636க்கும் இடையில் தொகுக்கப்பட்டது. நான்காம் ஏர்ல் 1624இல் மறைந்து, அப்போது ஐந்தாம் ஏர்ல் பட்டத்தில் இருந்தார். ஏர்ல்களின் வரிசை ஊரறிந்த செய்தி. தொகுப்பாளர்கள் தாமாக எழுதியிருந்தால் முரகாவிலிருந்தே எண்ணியிருப்பார்கள். ஊரறிந்த வரிசையோடு முரண்படும் வரி, தமக்கு முந்திய ஏதோ ஓர் ஏட்டிலிருந்து மாற்றாமல் எடுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஏடு நம் கையில் இல்லாததால் இதை ஊகம் என்றே வைக்கிறேன். ஆனால் வலுவான ஊகம்.

முரகாவை ஏன் யாரும் ஏர்ல் என்று அழைக்கவில்லை? விடை 1543ஆம் ஆண்டுப் பட்டயத்திலேயே இருக்கிறது. ஏர்ல் பட்டம் முரகாவுக்கு ஆயுள்வரை மட்டுமே. அடுத்து அது அவருடைய மகனுக்குச் செல்லாமல் டொனகாவுக்குச் செல்லும். முரகாவின் ஆண்வழிக்கு இஞ்சிக்வின் பாரன் பட்டம் தனியாக ஒதுக்கப்பட்டது. 1539இல் அண்ணன் இறந்ததும் தம்பி முரகா தலைவரானதும், அவருக்குப்பின் அண்ணன் மகன் வரவிருந்ததும் தாயாதி முறைக்கு முற்றிலும் பொருந்துபவை. லத்தீனில் முத்திரையிட்ட பட்டயம், தோமண்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததையே எழுத்தில் வைத்தது.

டொனகா அண்ணன் மகன் என்பதால், இது மூத்தவழி உரிமைக்குத் திரும்பும் ஏற்பாடே என்று மறுக்கலாம். அப்படியானால் முரகாவுக்கு ஏர்ல் பட்டம் கிடைத்திருக்கவே கூடாது. ஒரே பட்டயத்தை லண்டன் ஒரு சட்டமாகவும் தோமண்ட் வேறொரு சட்டமாகவும் வாசிக்க முடிந்தது என்பதே சரி. 1543க்குப் பிந்திய எட்டாண்டு அமைதிக்குக் காரணமும் அதுவே. டொனகாவின் மனைவி ஆர்மண்ட் ஏர்லின் மகள், ஆகவே இது மாமனார் வீட்டுச் செல்வாக்கு என்ற விளக்கம் நெடுநேரம் நிறுத்தி ஆராயத் தக்கதன்று. செல்வாக்கு டொனகாவின் பெயர் பட்டயத்தில் ஏறியதை விளக்கும். ஊர் அதை ஏற்றதை விளக்காது.

1551இல் முரகா மறைந்து டொனகா வந்தபோது தாயாதிகள் வாளெடுக்கவில்லை. வாள் உருவப்பட்டது அடுத்த பட்டயத்துக்குப் பிறகு. 1552 நவம்பரில் டொனகா பழைய பட்டயத்தை ஆறாம் எட்வர்டிடம் ஒப்படைத்து, தம் ஆண்வழிக்கே உரிய புதிய பட்டயம் பெற்றார். டோனல், டர்லோ ஆகிய தம்பியர் 1553இல் அவருடைய க்ளோன்ரோட் இருப்பிடத்தைத் தாக்கி எரித்தார்கள். அவ்வாண்டே அவர் இறந்தார். குலம் தன் தலைவராக டோனலை அமர்த்தியது. தம்பியரின் உரிமையைப் பறித்தது 1552. ஆகவே சண்டையும் அப்போது வந்தது. காலவரிசையைவிடத் தெளிவான சாட்சி வேறு தேவையில்லை.

ஓ நீல் குலத்தின் டைரோன் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. 1542இல் கான் ஓ நீலுக்கு ஏர்ல் பட்டம் தந்த பட்டயமே வாரிசாக மாத்யூவைக் குறித்துவிட்டது. அங்கே பிளவின் விதை முதல் பட்டயத்திலேயே இருந்தது. கானின் மகன் ஷேன் ஓ நீல் அதை ஏற்கவேயில்லை. 1558இல் மாத்யூ ஷேனின் ஆட்களால் கொல்லப்பட்டார்.

ஆக, முரகாவும் டொனகாவும் பட்டயம் இல்லாதிருந்தாலும் ‘ஓ பிரையன்’ என்ற குலத்தலைவராக ஆண்டிருப்பார்கள். கோனருக்கு அந்த வழி இல்லை; சிற்றப்பன் டோனல் உயிரோடு இருக்கையில் அவருக்கிருந்த ஒரே உரிமை பட்டயம்தான். வேறு எந்தப் பெயராலும் அழைக்க முடியாத அவரை மக்கள் ஏர்ல் என்றார்கள். ஆண்டேடு பட்டங்களை எண்ணவில்லை, ஆட்சியுரிமையின் ஊற்றைக் குறித்தது. டோனலின் வெளியேற்றத்தால் கேலிக் தலைவர்களிடையே பரவிய திகிலை அதே ஆண்டின்கீழ் அது பதிவதும் இதனால்தான். 1543க்கு அப்படியொரு புலம்பல் இல்லை.

இந்த வாசிப்பில் கோனரின் பின்னாள் நடத்தையும் புதிய பொருள் பெறுகிறது.   அவர் 1570இல் தம்மை அமர்த்திய அரசையே எதிர்த்துப் பிரான்சுக்கு ஓடினார். அந்தக் கலகத்தை நன்றிகெட்ட செயலாக எழுதுவது வழக்கம். பட்டயம் தவிர வேறு பிடி இல்லாத ஒருவர் தம் குலத்தாரிடம் தலைமையைத் தேடிய முயற்சியாக அதை வாசிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.