மணல்திட்டும் மில்லிநொடியும்: வெலிங்டன் தீவிலிருந்து பார்க்கப்படும் ஒரு நேரலை வரலாறு

கொச்சி வெலிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் இருக்கிறது. கவரத்திக்கும் ஆந்த்ரோத்துக்கும் மினிக்காய்க்கும் செல்லும் பயணிகள் கப்பல்கள் இத்தீவிலிருந்தே புறப்படுகின்றன. கொச்சியிலிருந்து கவரத்தி 404 கிலோமீட்டர். கப்பலில் குறைந்தது ஓர் இரவுப் பயணம். அதே தொலைவைக் கண்ணாடியிழைக்குள் செல்லும் ஒளி சுமார் இரண்டு மில்லிநொடியில் கடந்துவிடும். ஆயினும் அந்த இரண்டு மில்லிநொடி லட்சத்தீவு மக்களுக்கு வாய்த்தது 2024 ஜனவரியில்தான். கொச்சிக்குப் பன்னாட்டுக் கடலடி வடம் வந்து சேர்ந்து அதற்குள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

கணினி விளையாட்டுகளின் நேரலை ஒளிபரப்பைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக 2007இல் தொடங்கப்பட்ட ஜஸ்டின்.டிவி, அதிலிருந்து 2011இல் பிரிந்த ட்விட்ச் ஆகிய தளங்களிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். படத் தெளிவை உயர்த்துவதும் பார்வையாளர் காணும் தாமதத்தைக் குறைப்பதும் மென்பொருளின் சாதனைகளாகவே அங்கு வரிசைப்படுத்தப்படுகின்றன. மென்பொருளின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கரையில் வடம் ஏறியது, எந்தக் கரையை அது கடந்து சென்றுவிட்டது என்னும் கேள்வி அந்த வரிசையில் இடம்பெறுவதேயில்லை. வெலிங்டன் தீவின் துறையில் நின்று பார்த்தால் அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

இத்தீவே தாமதத்தைக் குறைக்கும் முயற்சியின் துணைவிளைவு. கொச்சி முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டின் காரணமாகப் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. சரக்கு சிறுசிறு பகுதிகளாகத் தோணிகளில் ஏற்றப்பட்டுக் கரைக்கு வரவேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அப்பணியும் ஏறத்தாழ நின்றுபோகும். 1920இல் சென்னை மாகாண அரசின் பணியில் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அத்திட்டை வெட்டி ஆழ்கால்வாய் அமைக்கும் பணியை மேற்கொண்டார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உட்துறைக்குள் நுழைந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டு காயலின் நடுவே எழுப்பப்பட்ட நிலமே வெலிங்டன் தீவு. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராகவும் பின்னர் இந்திய வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை அது தாங்குகிறது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தீவின் மேற்குக்கரைத் துறைக்கு இன்றும் மட்டாஞ்சேரித் துறை என்றே பெயர்.

எதிரிலுள்ள மட்டாஞ்சேரியின் மிளகு வணிகர்களுக்குக் காலத்தின் விலை நன்கு தெரியும். யூதத் தெருவில் நடைபெற்ற முன்பேர ஏலத்தில், தொலைபேசியில் வந்த விலையை ஒருவர் மற்றவரைவிடச் சற்று முன்னதாகக் கேட்டுக் கூவுவதே இலாபமாக இருந்தது. செய்தியின் தாமதம் பண மதிப்புடையது என்னும் அறிவு அப்பகுதிக்குக் கணினியோடு வந்ததன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடலடித் தந்தி வடங்கள் மும்பையையும் சென்னையையும் நாடின, கொச்சியை நாடவில்லை. கொச்சியின் முறை மிகவும் பிந்தி வந்தது. ஏறத்தாழ 39,000 கிலோமீட்டர் நீளமுள்ள சீ-மீ-வீ 3 வடம் இந்தியாவில் மும்பை, கொச்சி ஆகிய இரு இடங்களில் கரையேறியது. 2002இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாக வந்து பினாங்கு நோக்கிச் சென்ற ‘சேஃப்’ வடமும் கொச்சியில் கரையேறியது. மொரீஷியஸிலிருந்து கொச்சிக்கு வரும் எந்த வடமும் லட்சத்தீவு–மாலத்தீவுக் கடல்முகட்டைக் கடந்துதான் வரவேண்டும். அதாவது ஆப்பிரிக்காவையும் தென்கிழக்காசியாவையும் இணைத்த ஒளி, தீவு மக்களின் கடல் வழியாகவே சென்றது, தீவுகளுக்குள் நுழையவில்லை. கிளைப்பிரிவு அமைக்கப்படாத கடலடி வடத்திலிருந்து நடுவழியில் எதையும் இறக்க முடியாது. 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்தோடு நிர்வாக முறையில் இணைந்திருந்த இத்தீவுக்கூட்டம், தகவல்தொடர்பு வரைபடத்தில் வெளிக்கடலில் நங்கூரமிட்ட கப்பலாகவே நின்றது.

அக்காலமெல்லாம் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கும் ஒரு வழிப் பயணத்துக்கே குறைந்தது 240 மில்லிநொடி ஆகும். கேட்டு விடைபெறுவதற்கு அரை நொடி. எந்தக் கருவியை மாற்றினாலும் இது குறையாது. இயற்பியல் இட்ட எல்லை இது. துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் 50 மில்லிநொடிக்கும் 150 மில்லிநொடிக்கும் இடையிலான வேறுபாடே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடும். அரை நொடித் தாமதத்தில் விளையாடுபவர், எதிராளி முன்னர் நின்ற இடத்தைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

நேரலை செய்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விளையாட்டு நேரலையை ஏற்றிச் செல்ல நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஆர்டிஎம்பி என்னும் நெறிமுறை, தொலைந்த தரவுப் பொட்டலத்தை மீண்டும் கேட்டுப் பெறும் டிசிபியின் மேல் இயங்குகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால் அதைத் திரும்பப் பெற அரை நொடி. அதுவரை பின்வருவன அனைத்தும் வரிசையில் காத்திருக்கும். படம் உறையும், பின்னர் குதிக்கும். 2017இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட எஸ்ஆர்டி போன்ற நெறிமுறைகள் இச்சிக்கலைத் தணிக்கவே உருவாயின.

கொள்ளளவின் கணக்கு இன்னும் கடுமையானது. கடலடி வடத்துக்கு முன் லட்சத்தீவு முழுமைக்கும் இருந்த செயற்கைக்கோள் கொள்ளளவு நொடிக்கு 1.7 கிகாபிட் என அரசு தெரிவித்தது. 1080 வரித் தெளிவில் நொடிக்கு 60 படச்சட்டங்கள் கொண்ட நேரலைக்கு ட்விட்ச் பரிந்துரைக்கும் வேகம் 6 மெகாபிட். மருத்துவமனை, வங்கி, பள்ளி, அலுவலகம் யாவும் இணையத்தை அறவே விட்டுக்கொடுத்தாலும், ஒரே நேரத்தில் 283 பேரே அத்தகைய நேரலையைக் காண இயலும். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. இந்த எண்களை அருகருகே வைத்த பின்னர், தீவு இளைஞர்கள் இத்துறையில் ஏன் தென்படவில்லை என்று வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை வலியுறுத்தவேண்டும். விளையாடுபவர் உணரும் தாமதமும் பார்வையாளர் காணும் தாமதமும் ஒன்றல்ல. முன்னது பெரிதும் தொலைவைச் சார்ந்தது. பின்னது பெரிதும் ஏற்பாட்டைச் சார்ந்தது. 2009இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் முறை, ஓடும் காணொளியைத் தனித்தனிக் கோப்புத் துண்டுகளாக வெட்டிச் சாதாரண இணைய வழங்கிகளின் மூலம் அனுப்பியது. தொடக்ககால வழக்கில் ஒரு துண்டு 10 நொடி. மூன்று துண்டுகள் கையிருப்பில் சேர்ந்த பின்னரே காட்சி தொடங்கும். ஆகவே விளையாட்டில் நிகழ்ந்தது பார்வையாளர் கண்ணுக்கு எட்ட அரை நிமிடம் ஆயிற்று. வெளிக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தோணி தோணியாகச் சரக்கை இறக்கி, கிடங்கு நிரம்பிய பின் கதவைத் திறக்கும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. இடையறாமை என்னும் நன்மைக்காக உடனடித்தன்மை விலையாகக் கொடுக்கப்பட்டது. திரைப்படத்துக்கு அவ்விலை பொருட்டன்று. பார்வையாளர் எழுதும் கேள்விக்கு விளையாடுபவர் அந்தக் கணமே விடையளிக்கவேண்டிய நேரலையில் அது உரையாடலையே குலைத்துவிடும்.

பின்னர் துண்டுகள் ஆறு நொடியாகவும் இரண்டு நொடியாகவும் சுருங்கின. 2019இல் ஆப்பிள் அறிவித்த குறைதாமத எச்எல்எஸ், துண்டு முழுமையடையும் முன்பே அதன் சிறுபகுதிகளை அனுப்ப வழிசெய்தது. தாமதம் சில நொடிகளுக்கு இறங்கியது. உரையாடல் செயலிகளுக்காக உருவான வெப்ஆர்டிசி ஒரு நொடிக்கும் கீழே கொண்டுசென்றது. துண்டு சிறுக்கும்தோறும் முழுப்படச்சட்டங்கள் அடிக்கடி தேவைப்படும். முழுப்படச்சட்டம் மிகுந்தால் அதே பிட் வேகத்தில் தெளிவு குறையும். தெளிவும் விரைவும் ஒன்றையொன்று தின்னும் இயல்புடையவை. (பெரும் போட்டிகளில் அமைப்பாளர்களே நேரலையில் சில நிமிடத் தாமதத்தை வேண்டுமென்றே புகுத்துவர், எதிரணியின் மறைவிடத்தைப் பார்வையாளர் சொல்லிவிடக் கூடாதல்லவா. தாமதம் எப்போதும் குறைபாடு என்பது தொழில்நுட்ப விளம்பரங்களின் நம்பிக்கை மட்டுமே.)

குறியாக்க முறைகளின் வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது: 2003இல் எச்.264, 2013இல் எச்.265, 2018இல் ஏவி1. ஒவ்வொன்றும் அதே தெளிவைக் கணிசமாகக் குறைந்த பிட்களில் தர முனைந்தது. ஆயினும் சேமிக்கப்பட்ட இடம் வெறுமையாகக் கிடந்ததில்லை. 720 வரி 1080 ஆயிற்று. 30 படச்சட்டம் 60 ஆயிற்று. கால்வாயை ஆழப்படுத்தியதும் அதற்கேற்ப மிதவை ஆழம் மிகுந்த கப்பல்கள் வந்து சேரும் என்பதைத் துறைமுக வரலாறு படித்தோர் அறிவர். கொச்சிக் கால்வாயில் இன்றும் வண்டல் படிகிறது; ஆண்டுதோறும் தூர்வாரப்படுகிறது.

2020 மார்ச்சில், ஊரடங்கின் தொடக்கத்தில், இந்தியாவின் காணொளி நிறுவனங்கள் கைபேசி வலையமைப்புகளில் 480 வரிக்கு மேற்படாத தெளிவையே வழங்குவதென ஒப்புக்கொண்டன. பெருநிலத்தார் அதைத் தற்காலிக இடர்ப்பாடாகக் கருதினர். லட்சத்தீவு மாணவர்களுக்கு அது புதிய செய்தியன்று. அவர்கள் வகுப்பு கேட்பதற்கும் அதே செயற்கைக்கோளைத்தான் நம்பவேண்டியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 10இல் சென்னை–அந்தமான் கடலடி வடம் (2,312 கிலோமீட்டர்) தொடங்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து விடுதலை நாள் உரையில் லட்சத்தீவுக்கும் வடம் உறுதியளிக்கப்பட்டது. கொச்சி–லட்சத்தீவு வடத்தின் நீளம் 1,868 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,072 கோடி ரூபாய். பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதியிலிருந்து பணம் வந்தது; பிஎஸ்என்எல் செயல்படுத்தியது. 2024 ஜனவரி 3 அன்று கவரத்தியில் தொடக்கவிழா நடைபெற்றது. அறிவிக்கப்பட்ட கொள்ளளவு நொடிக்கு 200 கிகாபிட்.

முன்னர்ப் போட்ட கணக்கை மீண்டும் போட்டால் 283 என்பது 33,333 ஆகிறது. மக்களில் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு உயர்தெளிவு நேரலை. கணக்கு கணக்காகவே இருக்கட்டும். கரையேறிய கொள்ளளவு வீட்டுக்குள் நுழைய இழைக்கம்பியும் கோபுரமும் வேண்டும். அவற்றுக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டும். மேலும், முக்கியக் காணொளிகளின் படிகளைப் பார்வையாளருக்கு அருகிலேயே சேமிக்கும் இடைக்கிடங்குகள் அனைத்தையும் தீவில் வைப்பது வணிகர்களுக்கு இலாபகரமாகத் தோன்றாது. நேரலைத் தரவு கொச்சிவரை வந்தே தீரும். அவ்வகையில் தீவுகளின் இணையமும் அவற்றின் பயணிகளைப் போலவே கொச்சியை வாயிலாகக் கொண்டிருக்கிறது.

வெலிங்டன் தீவோ இதற்கிடையில் தன் சரக்கை இழந்துவருகிறது. 2011இல் வல்லார்பாடம் பெட்டக முனையம் திறக்கப்பட்டதும் இங்கிருந்த ராஜீவ்காந்தி முனையத்தின் பெட்டகங்கள் அங்கே சென்றன. சீ-மீ-வீ 3 வடமும் 2024 இறுதியில் ஓய்வு பெற்றது. லட்சத்தீவுக் கப்பல்கள் மட்டும் இன்னும் இத்தீவிலிருந்து புறப்படுகின்றன. புதிய வடம் இணைக்கும் பதினொரு தீவுகளில் மிகச்சிறிய குடியிருப்பைக் கொண்டவற்றுள் ஒன்றான பித்ராவும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 271.