தஞ்சோங் பகாரும் தண்டவாளமிட்ட தமிழரும்

சிங்கப்பூர்த் தஞ்சோங் பகாரில் 1932ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இரயில் நிலையம், 2011 ஜூன் 30ஆம் நாள் இரவோடு ஓய்ந்தது. கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். 1990ஆம் ஆண்டில் இரு நாடுகளும் செய்துகொண்ட நில உடன்பாட்டின் முடிவு அது. பின்னர்த் தண்டவாளங்களிற் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டது. 24 கிலோமீட்டர் வழி நடைபாதையாயிற்று.

நிலையத்தின் முகப்பிலே வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, கைத்தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிலைகள் உள்ளன. உட்சுவர் ஓவியங்களிலோ நெல் நடுவோரும், பால்மரம் வெட்டுவோரும், ஈயம் எடுப்போரும் காட்சி தருகின்றனர். பாதையிட்டவனுக்கு மட்டும் அங்கே ஓவியமில்லை!

மலாயாக் காட்டை வெட்டிக் கல் பரப்பிக் கட்டை பதித்தவருள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டுக் கூலிகளல்லரோ? ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் மாண்டனர். அவர்களுள் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை.

நிலையக் கட்டடம் 2011இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நன்றே. கல்லைக் காக்க அரசு உண்டு. பெயரைக் காக்க யார் உளர்? தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தான், எந்தப் பாதையில் உழைத்தான், எங்கே மடிந்தான் என்பதை வீடுதோறும் எழுதி வைப்போமாக. எழுதாத சமூகத்தின் வரலாற்றைப் பிறர் எழுதார்.