வெறுங்கால்களும் முப்பத்து நான்கு ஆண்டுகளும்

காட்டாங்குளத்தூர், பொத்தேரிப் பகுதியில் மாலையில் கல்லூரிகள் விடும் வேளையில் நிலையத்தை நோக்கி ஒரு பெருங்கூட்டம் நகரும். தாம்பரம் வண்டியைப் பிடிக்க விரையும் அக்கூட்டத்திற்கு எதிர்த்திசையில் பத்துப் பதினைந்து பேர் மட்டும் நடப்பர். பையின் வாரில் காலணிகள் தொங்கும். அவர்கள் கல்லூரிக் கால்பந்து அணியினர். போட்டிப் பருவம் தொடங்கியதும் இவர்கள் வகுப்பு வாயிலில் தயங்கி நின்று, 'ஓ.டி.' என்று மாணவர் வழங்கும் தாளை நம்மிடம் நீட்டுவர். வராத நாள்களை வந்ததாகக் கொள்ளக் கோரும் தாள் அது. ஒருநாள் ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர், "இந்த ஆட்டத்தால் யாருக்கு என்ன பயன்?" என்று வினவினார். அன்று நாம் விடை கூறவில்லை. காலந்தாழ்ந்தேனும் கூற முயல்வோம்.

இந்தியக் கால்பந்தாட்டத்தின் புகழ்மிக்க பருவம் எதுவெனக் கேட்டால் 1911 என்பதே பலரது விடையாக இருக்கும். அவ்வாண்டு சூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பாகன் அணி கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. 1893இல் தொடங்கிய அக்கேடயத்தை ஓர் இந்திய அணி வென்றது அதுவே முதன்முறை. வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே. அவர் கல்லூரியில் கற்பித்தவர் என்பதைப் படித்தபோது நமக்குச் சற்றே பெருமிதம் உண்டானதை மறைப்பதற்கில்லை.

வெறுங்கால் வீரர் காலணிப் படையை வென்ற இக்கதையை ஓர் அற்புதம் போலச் சொல்வது வழக்கம். நாம் மறுக்க விரும்புவது இந்த வழக்கத்தையே. அற்புதம் ஒரே நாளில் நிகழும். இவ்வெற்றி விளைய முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அதன் விதை விழுந்ததும் கல்விக்கூடத்து முற்றத்தில்தான்.

1877ஆம் ஆண்டு. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன் தாயுடன் கங்கையில் நீராடச் செல்கிறான். வழியில் ஆங்கிலேயர் பந்தாடும் காட்சி அவனை ஈர்க்கிறது. தன்னருகே உருண்டு வந்த பந்தை உதைத்து அனுப்புகிறான். பின்னர் ஹேர் பள்ளித் தோழருடன் காசு சேர்த்து ஒரு பந்து வாங்குகிறான். வந்து சேர்ந்ததோ ரக்பி ஆட்டத்திற்குரிய நீள்பந்து! வேறுபாடு அறியாச் சிறுவர்கள் அதையே உதைத்துக்கொண்டிருந்தனர். அருகிலிருந்த மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் என்னும் ஐரோப்பியர் அதைக் கண்டு, உரிய பந்தை வருவித்து ஆட்டமுறையையும் கற்பித்தார். வங்கக் கால்பந்து வரலாற்றைச் சொல்வோர் அனைவரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது.

வளர்ந்த நாகேந்திரர் பல கழகங்களைத் தோற்றுவித்தார். அவற்றுள் ஒன்றில் குயவர் வீட்டுப் பிள்ளையான மணி தாஸ் என்பவரைச் சேர்த்துக்கொள்ள மேற்குடியினர் மறுத்தனர். நாகேந்திரர் அக்கழகத்தையே கலைத்துவிட்டுச் சோபாபசார் கழகத்தை நிறுவினார் என்பர். பந்து தோலால் ஆனது. தோலைத் தொடுவதே தீட்டு என்று கருதிய சமூகத்தில், ஒரே பந்தை எல்லாச் சாதிக் கால்களும் தீண்டுவது சிறிய செய்தியன்று. அந்தச் சோபாபசார் அணி 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவின் அணியை வீழ்த்தியது. 1889இல் தோன்றிய மோகன் பாகன் 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதே கோப்பையை வென்றது. ஆகவே 1911இல் திடலில் இறங்கியவர்கள் முன்பின் அறியாத புதியவர்கள் அல்லர்.

அப்பருவத்தின் கேடயப் போட்டியிலும் முதல் எதிரணி ஒரு கல்லூரி அணியே. தூய சேவியர் கல்லூரியை மூன்று கோல்களால் வென்ற மோகன் பாகன், அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை இரண்டுக்கு ஒன்று எனவும், ரைஃபிள் பிரிகேடை ஒரே கோலாலும் வென்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டத்தில் மூன்று கோல்களால் வெற்றி கிட்டியது.

இறுதியாட்டத்திற்குத் திரண்ட கூட்டத்தை அறுபதாயிரத்திற்கும் மேல் என மதிப்பிட்டனர். திடலை நெருங்க இயலாதோர்க்குக் கோல் நிலவரத்தைப் பட்டங்கள் பறக்கவிட்டு அறிவித்தனர். முதல் கோலை யார்க்சயர் அணியின் ஜாக்சன் அடித்தார். மோகன் பாகன் தலைவர் சிவதாஸ் பாதுரி அதைச் சமன்செய்தார். முடிவுக்குச் சில நிமிடங்களே எஞ்சியிருக்க, அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார்.

இவ்வெற்றி எதை மாற்றியது? 1905இல் பிரிக்கப்பட்ட வங்கம் மீண்டும் இணையும் என்றும், தலைநகர் தில்லிக்கு மாறும் என்றும் 1911 திசம்பரில் தில்லி தர்பாரில் அறிவிப்பு வந்தது. இரண்டையும் காரண காரியமாக முடிச்சிடுவோர் உண்டு. அது மிகை. ஒரு கோலுக்காகப் பேரரசு தன் திட்டத்தை மாற்றாது. எனினும் வங்காளியர் உடல்வலுவும் உறுதியும் அற்றோர் என்று மெக்காலே காலம் முதல் எழுதி வந்த எழுத்துக்கு, அன்று மாலை எல்லோர் கண்முன்னும் ஒரு மறுப்பு கிடைத்தது. ஒழுங்கும் கீழ்ப்படிதலும் கற்கட்டும் என்று ஆள்வோர் கற்பித்த ஆட்டம், அவர்களை நேருக்குநேர் நின்று எதிர்கொள்ளக் கற்றுத் தந்துவிட்டது.

வெற்றிக்குப் பின் நடந்ததை மக்கள் அவ்வளவாக நினைவில் கொள்வதில்லை. அக்கேடயத்தை அடுத்து ஓர் இந்திய அணி, அதாவது முகமதன் ஸ்போர்ட்டிங், வெல்ல 1936 ஆயிற்று. மோகன் பாகனே மீண்டும் வெல்ல 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. முப்பத்தாறு ஆண்டுகள்! இடைப்பட்ட ஆண்டுகளில் தோற்றவர்களும் ஆடிக்கொண்டுதான் இருந்தனர். ஒரு பருவத்தின் பெருமை கோப்பையில் மட்டும் இருக்குமாயின், அவர்களை வரலாறு வீணர் எனல் வேண்டும். அவர்கள் ஆடியிராவிடில் ஆட்டமே அற்றுப்போயிருக்கும்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1837இல் சென்னை நகருள் சிறு பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக நூறாண்டு கழித்து 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. நெரிசலான நகரை விட்டு முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுவெளியை ஒரு கல்லூரி நாடியது. வகுப்பறைகளுக்கு மட்டுமெனில் அவ்வளவு நிலம் எதற்கு? கற்பது சுவர்களுக்குள் முடிவதில்லை என்று எண்ணியோர் அன்று இருந்தனர். இன்று இதே பெருஞ்சாலையில் நிலத்தின் விலை ஏற ஏற, காலியாகக் கிடக்கும் திடல் பலருடைய கண்களுக்கு இன்னும் கட்டப்படாத கட்டடமாகவே தோன்றுகிறது.

நம் கல்லூரி அணி சென்ற பருவத்தில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றது. அவ்வணியின் பையன்களுள் எவரும் சிவதாஸ் பாதுரி ஆகப் போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் ஸ்டாக் என்னும் அப்பேராசிரியர் பந்து உதைத்த சிறுவர்களைப் பார்த்துவிட்டுத் தம் வகுப்புக்குத் திரும்பியிருக்கலாம். அவர் நின்று கற்பித்தார். அவ்வாறு செய்தபோது 1911 அவர் கண்ணில் தெரிந்திராது.

மூத்தவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் உள்ள விடை இவ்வளவே. அடுத்த முறை அந்தத் தாள் நீட்டப்படும்போது, கையொப்பமிடுமுன் ஆட்டம் எத்தனை மணிக்கு, எந்தத் திடலில் என்று கேட்டு வைத்துக்கொள்ள எண்ணியிருக்கிறோம்.